அப்பாவின் மொரிஸ் மைனரை வீட்டிலேயே மீட்பது: எங்கே தொடங்குவது, எதுவரை மாற்றுவது

கொழும்பு, வெள்ளவத்தையில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. காலஞ்சென்ற தந்தையாரின் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, வீட்டுக் கொட்டகையில் எட்டு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. வார இறுதிகளில் தாமே வேலை செய்து அதை ஓட வைக்க விரும்புகிறார்; கூடவே ஜப்பானிய எஞ்சின், குளிரூட்டி, அகலமான அலோய் சில்லுகள் ஆகியவற்றையும் பொருத்தும் எண்ணம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது, எதுவரை மாற்றலாம் என்கிறார். நான் பொறியியல் படித்தவன் அல்லன். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு முற்றத்தில் இதே வகைக் காரொன்றை நான்கு ஆண்டுகளாகக் கழற்றிப் பூட்டியவன். அந்த அளவுக்கு இப்பதிலை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். தகட்டு வேலை முதலில், பிரேக் இரண்டாவது, எஞ்சின் அதற்குப் பிறகுதான். மாற்றங்களைப் பொறுத்தவரை, நாளை மனம் மாறினால் கழற்றிவிட்டுப் பழையபடி பூட்டக்கூடிய எதையும் செய்யலாம். உடலை வெட்டினால்தான் பொருந்தும் என்றால் வேண்டாம். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்கும் ஆசையில் அதில் பணத்தைக் கொட்டிவிட்டு, அடித்தளம் உக்கியிருப்பதைக் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள்.

கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னர் வாகனப் பதிவுச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பொனெட்டுக்குக் கீழுள்ள தகடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1970களின் முற்பகுதியில் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிருந்த காலத்தில், ஓடாத காரின் எஞ்சின் ஓடும் காருக்குள் போவது நம் நகரத்தில் சாதாரண விடயமாக இருந்தது. ஆகவே இலக்கங்கள் பொருந்தாமல் இருந்தால் வியப்பதற்கில்லை, ஆனால் அதைச் செலவு செய்வதற்கு முன்னரே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தீர்த்துக்கொள்வது நல்லது. தந்தையாரின் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையையும் அப்போதே முடித்துவிடுங்கள். 1959ஆம் ஆண்டு வண்டி என்பதால் உங்கள் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கும் என்று நினைக்கிறேன். 1957, 1958ஆம் ஆண்டுகளில் ஒரு பெரும் அரசியல் போராட்டத்துக்கே காரணமாக இருந்த எழுத்து அது. இன்று பழைய கார் பிரியர்கள் அந்தத் தகட்டைத் துடைத்துப் பளபளக்க வைத்திருக்கிறார்கள்.

இனி உடல். மைனருக்குத் தனியான சேசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரில், வளைத்து ஒட்டப்பட்ட தகடுகளே சட்டத்தின் வேலையையும் செய்கின்றன. முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் இரண்டும் காரின் நீளவாக்கில் பின்னோக்கி வந்து, முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்காகச் செல்லும் பெட்டி வடிவச் சட்டத்தில் முடிகின்றன. அந்தக் குறுக்குச் சட்டம் உக்கிப்போனால் முன் சில்லுகளைத் தாங்குவதற்கு எதுவும் இல்லை என்று பொருள். எனவே முதல் ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டியவை தரை விரிப்பும் ஆசனங்களும் மட்டுமே. ஒரு சிறு சுத்தியலாலும் மழுங்கிய ஸ்குரூ டிரைவராலும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், ஜாக் வைக்கும் இடங்கள், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்கள், பின் லீப் ஸ்பிரிங் மாட்டப்படும் இடங்கள், முன் மட்கார்ட்களின் பின்பக்கக் கீழ் மூலைகள், டிக்கியின் தரை ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கிய தகடு பலகையைத் தட்டுவதுபோல் மந்தமாக ஒலிக்கும். கூடவே ஒரு காந்தத் துண்டை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் நகர்த்துங்கள். அது ஒட்டாமல் நழுவும் இடங்களில் தகட்டுக்குப் பதிலாகப் பள்ளம் நிரப்பும் பட்டி இருக்கிறது.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீதிகளுக்குப் போடும் உப்பு இந்தக் கார்களைத் தின்றது. நம் வீதிகளில் உப்பில்லை என்று ஆறுதல் அடைய முடியாது. வெள்ளவத்தையில் கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்தில் நிற்கும் காருக்கு உப்பு காற்றிலேயே வந்து சேர்கிறது. கொட்டகைக்கு அருகில் மாமரம் இருந்தால், கதவுகளின் அடியிலும் காற்று உட்செல்லும் துவாரங்களிலும் இலை மக்கி நீர் வடியும் துளைகளை அடைத்திருக்கும். இன்னொன்று நம்மவர்களின் தார் பூசும் பழக்கம். காரின் அடிப்பகுதி கறுத்த தாரால் மொழுமொழுவென்று இருந்தால் அதைப் பாதுகாப்பு என்று நினைத்து மகிழாதீர்கள். தாருக்குக் கீழே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். என் காரில் தாரைச் சுரண்டியபோது, ஒரு காலத்தில் யாரோ பிஸ்கட் தகரத்தை வெட்டி ஒட்டிய ஒட்டு வெளியே வந்தது. அதில் பூப்போட்ட படம்கூட மங்கலாகத் தெரிந்தது.

வெல்டிங் வேலையை நீங்களே கற்றுச் செய்வதா, தகட்டு வேலை தெரிந்த டிங்கரிங் பாஸ் ஒருவரை வீட்டுக்கு அழைப்பதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. மட்கார்ட் போன்ற, போல்ட்டால் பூட்டப்பட்ட பாகங்களில் பழகிப் பார்ப்பதில் ஆபத்தில்லை. குறுக்குச் சட்டத்தையும் பெட்டிச் சட்டங்களையும் பழகியவரிடம் விடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று இரண்டு விடயங்களை வலியுறுத்துங்கள். முதலாவது, கீழ்ச் சட்டத்தை வெட்டுவதற்கு முன்னர் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயொன்றைத் தற்காலிகமாக ஒட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, வேலை முடிந்த பின்னர் கதவு மூடாது. இரண்டாவது, இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் திறக்கக்கூடாது. தகடு 1 மில்லிமீற்றருக்குக் குறையாததாக இருக்கட்டும். சுமை தாங்கும் சட்டங்களுக்கு அதைவிடத் தடித்தது நல்லது. பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைத்து, பற்றரியின் இணைப்பையும் எடுத்த பிறகுதான் முதல் பொறி பறக்க வேண்டும். ஆயத்தமான தகட்டுப் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கக் கிடைக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், 1990களில் பாத் நகரத்து மைனர் நிலையமொன்றின் கூட்டு முயற்சியாக இலங்கையிலேயே இத்தகைய பாகங்கள் செய்யப்பட்டு அங்கே ஏற்றுமதியாகின. 2022இல் ரூபாய் சரிந்த பின்னர் வரவழைக்கும் செலவு கனத்துவிட்டதால், எளிய வளைவுள்ள துண்டுகளை இங்கேயே வளைத்துச் செய்விப்பதும், தவிர்க்க முடியாதவற்றை மட்டும் தருவிப்பதும் என் வழக்கம்.

பிரேக்கில் எந்தச் சமரசமும் வேண்டாம். நான்கு சில்லுகளிலும் டிரம், முன் டிரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள், பின்னால் ஒவ்வொன்று, எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்ச் சுற்று. எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். எட்டு ஆண்டுகள் நின்ற வண்டியில் பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, சிலிண்டர்களின் உட்புறத்தில் துருப் புள்ளிகளை உண்டாக்கியிருக்கும். கோப்பை றப்பரை மட்டும் மாற்றினால் அந்தப் புள்ளிகள் புதிய றப்பரை ஓரிரு மாதத்தில் கிழித்துவிடும். சிலிண்டர்களையே மாற்றுங்கள், நெகிழ் குழாய்கள் மூன்றையும் மாற்றுங்கள், உலோகக் குழாயில் துரு தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்களை இழுத்து எடுக்க விடாமல் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். அந்தக் கம்பியைச் சற்று நகர்த்த வேண்டியிருக்கும். அது பெரும் விசையைத் தாங்கி நிற்பது என்பதால், முன் பாகத்தை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி விசையைத் தளர்த்தாமல் கை வைக்காதீர்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்களை மறுபக்கத்திலிருந்து நுழைத்தால், அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

முன் சில்லுக்கு மேலும் கீழும் மரையுள்ள இரண்டு பித்தளை மூட்டுகள் உண்டு. கிறீஸ் போகாமல் அவற்றின் மரை தேய்ந்தால் ஒரு நாள் மூட்டு கழன்று சில்லு பக்கவாட்டில் மடிந்துவிடும். பெரும்பாலும் வீட்டு வாசலில் திருப்பும்போதுதான் நடக்கும், வாகனங்கள் நெரியும் கொழும்பு - காலி வீதியில் நடந்தால் நம் கதி வேறு. சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, பாரம் இல்லாத நிலையில் கிறீஸ் அடித்தால்தான் மரைக்குள் அது போய்ச் சேரும். மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து அசைவு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இப்போது எஞ்சினுக்கு வரலாம். உங்களுடையது 948 கனசென்ரிமீற்றர் ஏ வரிசை எஞ்சின், 37 குதிரைவலு. மிகவும் பொறுமையான எஞ்சின் இது. எட்டு ஆண்டுத் தூக்கத்திலிருந்து அதை எழுப்புவதும் பொறுமையாகத்தான் நடக்க வேண்டும். புதிய பற்றரியைப் போட்டு உடனே சாவியைத் திருப்புவதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி மெல்லிய ஒயில் விட்டு, மூன்று நான்கு நாட்கள் அப்படியே விடுங்கள். பிறகு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை முன்னால் நுழைத்துக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சுற்றினால் பாதி வெற்றி. சுற்றாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் மீண்டும் ஒயில் விட்டுக் காத்திருங்கள். துருப்பிடித்த பிஸ்டன் வளையத்தை அவசரம் உடைத்துவிடும். பழைய எஞ்சின் ஒயிலையும் பில்டரையும் மாற்றி, பிளக் இல்லாமலே சுற்றி ஒயில் அழுத்தம் ஏறுவதை உறுதி செய்த பிறகுதான் பெற்றோலை நினைக்க வேண்டும்.

பெற்றோல் தாங்கியின் அடியில் துருப்பொடியும் பிசினும் படிந்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவாமல் விட்டால், எஸ்யூ கார்புரேட்டரின் ஊசி ஒவ்வொரு வாரமும் அடைபடும். பொனெட்டுக்குள் டிக் டிக் என்று தட்டும் மின் பம்பும் எஸ்யூ நிறுவனத்துடையதே. அதன் உள்ளிருக்கும் தொடுமுனைகள் ஒட்சியேறி ஊமையாகியிருக்கக்கூடும், மிக மெல்லிய தாளால் தேய்த்தாலே பெரும்பாலும் பேசத் தொடங்கிவிடும். அளவுகள் மூன்றை மனனம் செய்துகொள்ளுங்கள்: டப்பெட் (வால்வு) இடைவெளி 0.012 அங்குலம், பிளக் இடைவெளி 0.025, டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட் 0.014 முதல் 0.016 வரை. எரிதல் ஒழுங்கு 1, 3, 4, 2. எஞ்சின் ஓடத் தொடங்கி, அமுக்க அளவுகளும் நன்றாக இருந்தால் அதைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. எப்போதாவது ஹெட்டைக் கழற்றும் தேவை வந்தால் மட்டும், வெளியேற்று வால்வுகளுக்குக் கடினமாக்கிய இருக்கைகளை ஒரு லேத் வேலைத்தலத்தில் போடுவித்துவிடுங்கள். ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட வார்ப்பிரும்பு அது, ஈயமில்லாத இன்றைய பெற்றோலில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதைந்துபோகும். சூடேறுகிறது என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வைத்தியத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றிச் சேறு அடைத்திருப்பதுதான் வழக்கமான காரணம். அதைக் கம்பியால் குத்திக் கழுவி எடுக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். உங்கள் வீட்டிலுள்ள மில்லிமீற்றர் ஸ்பனர்கள் இந்தக் காருக்குப் பொருந்துவதுபோல் நடிக்கும். அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீற்றர், 13 ஸ்பனர் அதில் ஏறும், இறுகிய போல்ட்டில் வழுக்கி மூலைகளை மழுக்கியும் விடும். அங்குல அளவு ஸ்பனர் தொகுதியொன்றை, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையதாக வாங்கினாலும் போதும், முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும். இந்த ஏ வரிசை எஞ்சின் ஒஸ்டின் ஏ35, மினி போன்றவற்றிலும் வந்ததால் அதற்கான சிறு பாகங்களை அங்கே விசாரித்துப் பார்ப்பது வீண்போகாது. மாதிரிப் பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

மின்சாரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் காரில் பற்றரியின் நேர் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. இதை அறியாமல் வானொலியையோ எல்ஈடி விளக்கையோ இணைத்தால் புகைதான் வரும். முழுக் காருக்கும் இரண்டே பியூஸ்கள். தலைவிளக்குச் சுற்றுக்குப் பியூஸே கிடையாது. துணி சுற்றிய பழைய கம்பிகளின் உறை விரலில் உதிர்ந்தால் முழுக் கட்டையும் மாற்றிவிடுங்கள். மின்பாகங்களைச் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் நிற ஒழுங்கு எளிது: பழுப்பு பற்றரியிலிருந்து நேரடியாக வருவது, வெள்ளை சாவிக்குப் பின்னால் வருவது, பச்சை பியூஸைக் கடந்தது, நீலம் தலைவிளக்கு, சிவப்பு பக்கவிளக்கு, கறுப்பு உடலிணைப்பு. புதிய கட்டையும் அதே நிறங்களில் செய்யுங்கள், பழுது பார்ப்பவர் எவரானாலும் வாசிக்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பற்றரியைத் துண்டிக்கும் ஆளியொன்றைப் பொருத்திவிட்டால் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி உங்கள் ஆசைகள். குளிரூட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் கம்பிரசர் மூன்று முதல் ஐந்து குதிரைவலு வரை உறிஞ்சும். 37இல் அது சிறிதல்ல. டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர்தான் தரும், காலி வீதி நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை. கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் எஞ்சினுக்குப் போகும் காற்று குறையும். ஆகவே குளிரூட்டி வேண்டுமென்றால் எஞ்சினையும் மாற்ற வேண்டும், எஞ்சினை மாற்றினால் கியர்பொக்ஸ், கியர்பொக்ஸை மாற்றினால் தரை என்று போகும். டட்சன் 1200இன் ஏ12 எஞ்சினை மைனரில் வைத்தவர்கள் இங்கும் வெளிநாட்டிலும் உண்டு. 1171 கனசென்ரிமீற்றர், உறுதியான எஞ்சின், நெடுந்தூரத்துக்கு இனிமையானது என்பதை மறுக்க மாட்டேன். அதற்காகத் தரையையும் எஞ்சின் தாங்கிகளையும் வெட்ட வேண்டும், பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கத்தை மாற்ற வேண்டும், அதோடு அது உங்கள் அப்பாவின் கார் இல்லை. அதிக வலு தேவையென்றால் 1962இல் வந்த 1098 எஞ்சின் அதே இடத்தில் வெட்டில்லாமல் அமர்ந்துகொள்ளும். வெக்கைக்கு, கூரை விரிப்புக்கு மேலே வெப்பத்தடுப்புத் தாள் ஒட்டி, முன் முக்கோணக் கண்ணாடிகளின் றப்பரைப் புதுப்பித்தாலே பெரும் வித்தியாசம் தெரியும்.

அகலச் சில்லுகளும் எனக்கு உடன்பாடில்லை. வெளியே தள்ளி நிற்கும் சில்லு, மேலே சொன்ன பித்தளை மூட்டிலும் பெயரிங்கிலும் கூடுதல் பாரத்தைப் போடும், ஸ்டியரிங்கும் கனக்கும். பழைய 14 அங்குலச் சில்லிலேயே 145 அகல ரேடியல் டயர் போட்டால் கார் நேராக ஓடும், மழையிலும் பிடிக்கும். மாறாக நான் மனமார ஆதரிக்கும் மாற்றங்கள் உண்டு: ஆசனப் பட்டிகளை உறுதியான பின்தகடு வைத்துப் பொருத்துவது, டைனமோவுக்குப் பதிலாக ஓல்டர்னேட்டர் வைத்து எதிர் முனையை உடலோடு இணைப்பது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மறைந்திருக்கும் இலத்திரனியல் பற்றவைப்பு, முன்னால் மொரிஸ் மரினா காரின் டிஸ்க் பிரேக். கதவுத் தூணிலிருந்து கைபோல் நீளும் பழைய திசைகாட்டியை எடுத்துவிடாமல் வைத்துக்கொண்டு, கூடவே மினுங்கும் விளக்குகளையும் சேருங்கள். முச்சக்கர வண்டிக்காரர் எவரும் அந்தக் கையைப் பார்த்து வழிவிடப் போவதில்லை. மாற்றமே கூடாது என்ற பிடிவாதமும் சரியல்ல. கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று இசிகோனிஸே மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நான்கு அங்குலம் அகலமாக்கினார். அதற்குள் செய்து முடிந்திருந்த பம்பர்களை வெட்டி நடுவில் துண்டு வைத்தார்கள், பொனெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்.

பெயின்ட் வேலையில் பாதி மட்டும் வீட்டில் செய்யுங்கள். உரசுவது, பட்டி பிடிப்பது, பிரைமருக்கு ஆயத்தமாக்குவது வரை உங்களுடையது. இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் இன்றைய பெயின்டில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கொடியது. சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது, நெருங்கிய வீடுகளுள்ள ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதைச் சுவாசிக்கும். மேல்பூச்சை அதற்கான அறையுள்ள இடத்தில் அடிப்பியுங்கள். வெறுமையாக்கிய தகட்டை நம் ஈரக்காற்றில் ஓர் இரவுகூட விடக்கூடாது, அன்றே எப்பொக்சி பிரைமர் பூசிவிட வேண்டும். நிறத்தைத் தேர்வதற்கு முன்னர் கதவு விரிப்புக்குப் பின்னாலும் டாஷ்போர்ட்டின் அடியிலும் பாருங்கள். பழைய நிறம் அங்கே மறைந்திருக்கும். கிளாரண்டன் சாம்பலாகவோ ஓல்ட் இங்கிலிஷ் வெள்ளையாகவோ இருந்தால் தந்தையார் முதலில் ஓட்டிய நிறம் அதுவாகவே இருக்கலாம்.

மே மாதத்தில் தென்மேல் பருவ மழை தொடங்குவதற்குள் தகட்டு வேலையும் பெயின்டும் முடிவதுபோல் கணக்கிட்டு, தை பிறந்ததும் வெல்டிங்கைத் தொடங்குங்கள். மழை மாதங்களில் பிரேக்கையும் எஞ்சினையும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து செய்யலாம். வார இறுதிகள் மட்டும் என்றால் ஒரு வருடத்தில் முடியாது, இரண்டு வருடம் என்று வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இந்தக் கிழமை செய்வதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. டிக்கியைத் திறந்து ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பஞ்சிகாவத்தைக்கு முதலில் அதைத் தேடித்தான் போக வேண்டும்.